ஓய்வூதியம் வாங்கினால் ஏர் பிடிக்கக் கூடாதா?

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் உள்ளது ஐயம்பேட்டை. தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கும் ஊர். பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர் என்றாலும், நெய்கிற குடும்பங்களில் சிலவற்றுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நஞ்சையும் உண்டு. சொர்ணவாரி அறுவடை முடியும் தறுவாயில், நேரடி நெல் விதைப்பு பற்றிப் பேசுவதற்காக அங்கே சென்றிருந்தேன். முன்பே சொல்லி வைத்திருந்த ஒரு பெரியவர் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். அதுவரை உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த தறிச் சத்தம் சட்டென்று நின்றது. சிறிது நேரம் கழித்துப் பெரியவர் வெளியே வந்தார். தோளில் துண்டு, முகத்தில் கலவரம்.

"சார், தாலுகா ஆபீசுல இருந்தா வர்றீங்க?" என்றார்.

நான் யாரென்று சொன்னதும்தான் அவருக்கு மூச்சு வந்தது. வயது 68. சொந்த நஞ்சை ஓர் ஏக்கர் இருபது சென்ட். வீட்டில் ஒரு குழித்தறி. முதியோர் உதவித்தொகைக்கு மனுக் கொடுத்திருக்கிறார். விசாரிக்க வருகிறவர் தறியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டால் மனு தள்ளுபடியாகிவிடும் என்று டீக்கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்று முதல் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே குழியை விட்டு ஏறி வந்துவிடுகிறார்.

"வேலை செய்யாம இருந்தாத்தான் பணம் குடுப்பாங்களாம். வேலை செய்யாம இருந்தா அந்தப் பணம் வர்ற வரைக்கும் நாங்க என்ன சாப்பிடறது?" என்று அவர் கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவருக்கு ஒரு தேதியில் ஓய்வு வந்துவிடும். மாலை போட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். உழவனுக்கும் நெசவாளிக்கும் அப்படி ஒரு தேதி கிடையாது. கால் நடக்கும்வரை வயல், கண் தெரியும்வரை தறி. எனவே அவர்களைப் பொறுத்தவரை ஓய்வூதியம் என்பது வேலை முடிந்த பிறகு வருகிற பணம் அல்ல. வேலையோடு சேர்ந்து வரவேண்டிய பணம். சட்டமும் விதிகளும் இதைப் பற்றி என்ன சொல்கின்றன என்பதை விவசாய அன்பர்கள் தெரிந்து வைத்துக்கொள்வது மிகவும் அவசியம்.

முதியோர் உதவித்தொகை

நம் மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை 1962 ஏப்ரல் முதல் தேதியில் தொடங்கியது. அப்போது மாதம் 20 ரூபாய். ஆதரவற்ற விவசாயக் கூலிகளுக்கென்று தனித் திட்டம் 1981இல் வந்தது. மத்திய அரசின் தேசிய முதியோர் திட்டம் 1995 ஆகஸ்டு 15இல் வந்தது. மாதத் தொகை 2011இல் 1,000 ரூபாயாகவும், 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. மத்தியத் திட்டத்தின் கீழ் வருகிறவர்களுக்கு இதில் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை 200 ரூபாய்தான், 80க்கு மேல் 500 ரூபாய். மீதியை மாநிலம் போடுகிறது.

சிறு விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் உண்டு. இரண்டரை ஏக்கர் வரை நஞ்சை அல்லது ஐந்து ஏக்கர் வரை புஞ்சை வைத்துத் தாமே பயிர் செய்கிறவர்கள் இதில் உறுப்பினராகலாம். 60 வயதுக்கு மேற்பட்ட உறுப்பினர்களுக்கு இதன் கீழும் மாத உதவி உண்டு. நமது பெரியவர் மனுக் கொடுத்திருந்தது இதற்குத்தான்.

இந்த உதவிகளுக்கெல்லாம் அளவுகோல் ஒன்றே. மனுதாரருக்குப் பிழைக்க வழி இருக்கிறதா, பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்பதுதான் அது. கை வேலை செய்கிறதா என்று மட்டும் பார்ப்பதற்கு விதி இல்லை. ஆகவே தறியிலிருந்து ஓடி ஒளிய வேண்டிய தேவை இல்லை என்று பெரியவரிடம் சொன்னேன். ஆனால் கூலி எவ்வளவு வருகிறது என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். 68 வயதில் கண் மங்கி, முன்பு பதினைந்து நாளில் நெய்த புடவையை இப்போது ஒன்றரை மாதம் இழுக்கிறவருடைய வருமானத்தைக் கேட்டுத் தள்ளுபடி செய்யும் அதிகாரி குறைவு. மறைத்துப் பின்னால் தெரியவந்தால்தான் தொல்லை.

உண்மையான முடிச்சு வேறிடத்தில் இருக்கிறது. நிலையான சொத்தின் மதிப்பு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்பது முதியோர் உதவித்தொகைக்கு உள்ள வரம்பு. சாலையோரமாக மனைப்பிரிவுகள் கொடி கட்டி நிற்கிற இந்தப் பகுதியில் ஒரு சென்ட் நிலத்தின் விலை என்ன என்பது உங்களுக்கே தெரியும். ஓர் ஏக்கர் நெல் விளைவித்துச் செலவு போக மிஞ்சுவது சொற்பம். காகிதத்திலோ அவர் பணக்காரர். விற்றால்தானே பணம்? விற்றுவிட்டால் பிறகு ஏது விவசாயம்? சொத்து மதிப்பை வைத்து உழவனின் வறுமையை அளப்பது, மரக்கால் கொண்டு துணி அளப்பதைப் போன்றது என்பது என் சொந்தக் கருத்து. ஆயினும் விதி விதிதான். மனு எழுதும்போது எத்திட்டத்தின் கீழ் கேட்கிறோம் என்பதைத் தெளிவாகக் குறிப்பிட்டு, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டறிந்து கொடுப்பது நலம். உழவர் பாதுகாப்பு அட்டை வைத்திருப்பவர்கள் அதைத் தேடி எடுத்து வையுங்கள். பல வீடுகளில் அது சாமி படத்துக்குப் பின்னால் கிடக்கிறது.

நெசவாளர்களுக்கென்றும் வழிகள் உண்டு. கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்து நெய்தவர்களுக்கு 60 வயதுக்கு மேல் கூட்டுறவு நெசவாளர் முதியோர் ஓய்வூதியம் இருக்கிறது. சங்கத்தில் இல்லாமல் தனியாரிடம் பாவு வாங்கிக் கூலிக்கு நெய்கிறவர்கள், கைத்தறி மற்றும் கைத்தறிப் பட்டு நெசவுத் தொழிலாளர் நல வாரியத்தில் 60 வயதுக்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். 61 வயதில் போய் நின்றால் பயனில்லை. ஒருவரே இரண்டு மாத உதவிகளைப் பெறவும் முடியாது. உழவர் என்ற முறையிலோ நெசவாளர் என்ற முறையிலோ ஒன்றைத்தான் தெரிந்தெடுக்க வேண்டும்.

பிற நாடுகளில் எப்படி?

ஓய்வூதியம் வாங்குகிறவன் உழலாமா என்ற கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல. ஜெர்மனியில் 1957இல் விவசாயிகளுக்கு முதுமைக் கால உதவிச் சட்டம் கொண்டு வந்தார்கள். அதில் ஒரு நிபந்தனை வைத்தார்கள். பண்ணையை மகனுக்கோ வேறொருவருக்கோ கைமாற்றிக் கொடுத்தால்தான் ஓய்வூதியம். கிழவர்கள் நிலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் இளைஞர்கள் விவசாயத்துக்கு வரமாட்டார்கள் என்பது அவர்கள் எண்ணம். இந்த நிபந்தனை அறுபது ஆண்டுகள் நீடித்தது. கடைசியில் 2018இல் அந்நாட்டின் அரசியல் சட்ட நீதிமன்றம், இது சொத்துரிமைக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. ஜப்பானிலும் 1971இல் தொடங்கிய விவசாயிகள் ஓய்வூதியத்தில், பண்ணைப் பொறுப்பை ஒப்படைப்பவருக்குத் தனித் தொகை இருந்தது. 2002இல் அந்தத் திட்டத்தையே மாற்றி அமைத்தார்கள். அமெரிக்காவில் ஓய்வுக்குரிய முழு வயதை அடைந்தவர் எவ்வளவு சம்பாதித்தாலும் ஓய்வூதியத்தில் பிடித்தம் இல்லை என்று 2000ஆம் ஆண்டில் சட்டம் செய்தார்கள்.

நம் பக்கத்து இலங்கையில் 1987லேயே விவசாயிகளுக்கு ஓய்வூதியச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் சந்தாவாக வந்த பணம் கொடுக்க வேண்டிய பணத்துக்கு ஈடாகாமல் நிதி வற்றியது. சில காலம் கொடுப்பதையே நிறுத்திப் பின்னர் மீண்டும் தொடங்கினார்கள். சட்டம் இருந்தால் போதாது, பெட்டியில் பணமும் இருக்க வேண்டும்.

நம் நாட்டில் எந்த விவசாயி ஓய்வூதியத்திலும் நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. இது நல்ல அம்சம்.

ஆண்டுக்கு ஆறாயிரம் யாருக்கு நிற்கும்?

பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு மூன்று தவணைகளாக வரும் 6,000 ரூபாய் ஓய்வூதியம் அல்ல. வயதானாலும் நிற்காது. முதியோர் உதவித்தொகை வாங்கினாலும் நிற்காது. மாதம் 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் வாங்குகிறவருக்கும், அரசுப் பணியில் இருப்பவருக்கும் இருந்து ஓய்வு பெற்றவருக்கும், வருமான வரி கட்டுபவருக்கும் அது இல்லை. அரசுப் பணியிலும் கடைநிலை ஊழியராக இருந்தவர்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று இப்போது முழு நேரமும் வயலில் நிற்கிறவர் இதற்குத் தகுதியில்லாதவர். அரசு அலுவலகத்தில் கடைநிலை ஊழியராக இருந்தவர் தகுதி உள்ளவர்.

தகுதியில்லாமல் வாங்கியவர்களிடம் பணம் திரும்ப வசூலிக்கப்படும் என்பதை மறக்க வேண்டாம். 2020இல் நம் மாநிலத்தில் நிலமே இல்லாத பல லட்சம் பெயர்கள் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தது கண்டறியப்பட்டு வங்கிக் கணக்குகளிலிருந்தே பணம் மீட்கப்பட்டது. யாரோ ஒரு தரகர் ஆதார் நகலை வாங்கிப் போய்ச் சேர்த்துவிட்டதால் மாட்டிக்கொண்டவர்களும் அதில் இருந்தார்கள்.

நமது பெரியவருக்கும் இந்தத் தவணை நின்று போயிருந்தது. காரணம் வயதும் அல்ல, மனுவும் அல்ல. அவருடைய விரல்!

தேய்ந்த கைரேகை

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் நான் போகிற கிராமங்களில் எல்லாம் அதிகமாகக் கேட்கும் புகார் இதுதான். ஐம்பது ஆண்டுகள் மண்வெட்டிப் பிடியும் சேறும் பட்ட கை, பட்டு இழையையும் ஜரிகையையும் ஓயாமல் தடவிய விரல் நுனி, இவற்றில் ரேகை தேய்ந்து போகிறது. வயதானால் தோலும் வறண்டு விடுகிறது. பொதுச் சேவை மையத்தில் உள்ள கருவியில் விரலை வைத்தால் "பொருந்தவில்லை" என்று வருகிறது. மூன்று முறை, நான்கு முறை, பிறகு "நாளைக்கு வாங்க பெரியவரே". உழைத்துத் தேய்ந்த கைக்கு உழைத்தவன் என்று அத்தாட்சி கிடைக்கவில்லை!

இதற்கு மாற்று வழிகள் உண்டு. விரல் பொருந்தாதபோது கருவிழியைக் காட்டிச் சரிபார்க்கலாம். முகத்தைக் காட்டியும் சரிபார்க்கலாம். பி.எம். கிசானில் 2023 ஜூன் முதல் கைப்பேசிச் செயலி வழியாக முகத்தைக் காட்டியே விவரங்களைச் சரிபார்க்கும் வசதி வந்திருக்கிறது. ஓய்வூதியர்களின் உயிர்வாழ் சான்றுக்கு இந்த வசதி 2021 நவம்பரிலேயே வந்துவிட்டது. ஒரு மையத்தில் இல்லை என்றால் "முகம் காட்டிச் செய்ய முடியுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காதவருக்குச் சொல்லுகிறவர் குறைவு. கருவியில் விரல் வைக்கும் முன்பாகக் கையை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு வைத்தால் சிலருக்குப் பலன் தருகிறது. ஆதார் மையத்துக்குச் சென்று கைரேகையையும் கருவிழியையும் புதுப்பித்துக்கொள்வது இதைவிட மேல்.

அங்கே போகும்போதே மற்றொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டாவில் "கோ. முனுசாமி", ஆதாரில் "முனிசாமி", வங்கிப் புத்தகத்தில் "முனுசாமி நாயகர்" என்று மூன்று பெயர் இருந்தால் கணினிக்கு அவர்கள் மூன்று பேர். பிறந்த தேதி தெரியாத பலருக்கு ஆதாரில் ஜனவரி 1 என்றோ வெறும் ஆண்டு மட்டுமோ போட்டிருக்கிறது. அதில் இரண்டு வயது குறைத்துப் போட்டிருந்தால் இரண்டு வருட உதவித்தொகை போயிற்று. 58 வயதாகும்போதே இவற்றைச் சரி செய்துவிட வேண்டும். 2025 முதல் நில விவரத்தோடு இணைத்து விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் வழங்கப்படுகிறது. அதைப் பெறாதவர்கள் வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

நாற்பதுக்குள் இருப்பவர்கள்

பெரியவரின் பக்கத்து வயல்காரர் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். வயது 34. இரண்டு ஏக்கர். "எங்களுக்கு ஒண்ணும் இல்லையா சார்?" என்றார்.

உண்டு. பி.எம். கிசான் மான்தன் என்ற ஓய்வூதியத் திட்டம் 2019இல் தொடங்கப்பட்டது. இரண்டு எக்டர், அதாவது ஐந்து ஏக்கருக்குள் நிலம் உள்ள, 18 முதல் 40 வயதுக்குட்பட்ட விவசாயிகள் சேரலாம். சேரும் வயதைப் பொறுத்து மாதம் 55 ரூபாய் முதல் 200 ரூபாய் வரை சந்தா. நாம் கட்டுகிற அளவு மத்திய அரசும் கட்டும். நிதியை ஆயுள் காப்பீட்டுக் கழகம் நிர்வகிக்கிறது. 60 வயது முதல் மாதம் 3,000 ரூபாய். அவருக்குப் பின் மனைவிக்குப் பாதி. மனைவி தனியாகச் சந்தா கட்டித் தனியாகவும் சேரலாம். 60க்குப் பிறகு உழக் கூடாது என்ற பேச்சே இல்லை.

கணக்குப் பார்ப்போம். 29 வயதில் சேர்ந்தவர் மாதம் 100 ரூபாய் வீதம் 31 ஆண்டுகளில் கட்டுவது 37,200 ரூபாய். 40 வயதில் சேர்ந்தவர் மாதம் 200 வீதம் 20 ஆண்டுகளில் கட்டுவது 48,000. அறுபதுக்குப் பிறகு ஓர் ஆண்டில் வருவது 36,000. ஒன்றரை ஆண்டுக்குள் போட்ட முதல் திரும்பிவிடும். ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் ஏறினால், இருபது ஆண்டுகள் கழித்துக் கையில் வரும் 3,000 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு சுமார் 1,130 ரூபாய்தான். எனவே சேருங்கள் என்றுதான் சொல்வேன். அதை மட்டும் நம்பியிருங்கள் என்று சொல்லமாட்டேன். 2024 வரை நாடு முழுவதும் இதில் சேர்ந்தவர்கள் 23 லட்சத்துக்குச் சற்று அதிகம். நாட்டின் சிறு விவசாயிகள் தொகையோடு ஒப்பிட்டால் இது சொற்பம்.

நிலம் இல்லாத குத்தகைதாரரும் கூலியாட்களும் வங்கியிலோ அஞ்சலகத்திலோ அடல் ஓய்வூதியத் திட்டத்தில் சேரலாம். அதுவும் 40 வயதுக்குள்தான்.

ஒரகடத்துக்குப் போகும் பிள்ளைகள்

பெரியவரின் மகன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலையில் இருக்கிறார். வயது 38. ஞாயிற்றுக்கிழமை வயலில் அப்பாவுக்குக் கை கொடுக்கிறார். வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்படுகிறவர் என்பதால் மான்தன் திட்டத்தில் அவர் சேர முடியாது. ஆனால் அவருக்கு அதைவிட மேலான ஒன்று இருக்கிறது. அதை அவரே கைநழுவ விடப் பார்த்தார்.

வைப்பு நிதியோடு சேர்ந்தே 1995ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் ஓடுகிறது. பத்து ஆண்டு பணிக்காலம் இருந்தால் 58 வயது முதல் ஆயுள் முழுவதும் ஓய்வூதியம். கணக்கு எளிது. கடைசி அறுபது மாதச் சம்பளத்தின் சராசரியைப் பணிபுரிந்த ஆண்டுகளால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். சராசரி 14,000 என்று வைத்துக்கொண்டால், ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் மாதம் 200 ரூபாய் சேர்கிறது. பதினைந்து ஆண்டு என்றால் மாதம் 3,000. வேலையை விட்டவர் ஐம்பது வயதிலேயே கேட்டுப் பெறலாம், ஆனால் 58க்கு முந்திய ஒவ்வோர் ஆண்டுக்கும் நூற்றுக்கு நான்கு குறையும். மாறாக, 58இல் வாங்காமல் 60 வரை தள்ளிப் போட்டால் ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு கூடும். மாதம் 3,000 என்பது சுமார் 3,240 ஆகும். 58க்குப் பிறகு ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டே வேறு வேலை பார்க்கலாம், விவசாயமும் செய்யலாம். தடை கிடையாது.

இவர் எட்டாண்டு வேலை பார்த்திருக்கிறார். ஒப்பந்ததாரர் மூன்று முறை மாறிவிட்டார். கிணறு ஆழப்படுத்தப் பணம் வேண்டும் என்று ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிடப் பாரம் நிரப்பி வைத்திருந்தார். எடுத்திருந்தால் எட்டாண்டுச் சேவை அழிந்திருக்கும். மறுபடி வேலைக்குப் போனால் கணக்குச் சுழியத்திலிருந்து தொடங்கும். வேலையை விட்டுவிட்டு விவசாயத்துக்கு வர நினைக்கும் இளைஞர்கள் பணமாக எடுக்காமல் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால், பின்னால் எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் பழைய ஆண்டுகள் கூடவே வரும். இன்னும் இரண்டே ஆண்டு, தம்பி, என்றேன். பாரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை!

செட்டில்மெண்ட் எழுதுவதற்கு முன்

வயதானவுடன் நிலத்தை மகன் பெயருக்கு எழுதிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. என் பெரியப்பாவும் அப்படித்தான் செய்தார். பேரன் படிப்புக்குக் கடன் வாங்க வசதியாக இருக்கும் என்று சொன்னார்கள், கையெழுத்துப் போட்டார். பட்டா மாறியது. உழுகிறவர் அவர்தான், விதைக்கிறவர் அவர்தான், ஆனால் அவர் பெயரில் வந்த தவணை நின்றது. மகனுக்கும் வரவில்லை. ஏனென்றால் 1.2.2019 அன்று யார் பெயரில் நிலம் இருந்தது என்பதே அடிப்படைத் தேதி. இறப்பினால் வாரிசுக்குப் போனால் விலக்கு உண்டு, உயிரோடிருக்கும்போது எழுதிக் கொடுத்ததற்கு அப்படி இல்லை. பணம் போனதுகூடப் பெரிதில்லை. உரம் வாங்க மகனிடம் கை நீட்ட வேண்டியிருந்ததுதான் அவரை வாட்டியது.

எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் பத்திரத்தில் "என் ஆயுள் வரை என்னையும் என் மனைவியையும் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைத் தெளிவாக எழுதுங்கள். 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, நிபந்தனையை மீறினால் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு வரி பத்திரத்தில் இல்லையென்றால் வழக்கு நீளும். பத்திர எழுத்தர் தாமாக எழுதமாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வயதுக்கேற்ற வேலை

நான் போன காரியத்துக்கும் வருகிறேன். 1,200 ரூபாய் வந்தாலும் வராவிட்டாலும் பெரியவர் சம்பா வைக்கத்தான் போகிறார். ஆனால் முன்போல் நாற்றுப் பறித்து, கட்டுச் சுமந்து, நடவாள் தேடி அலைய 68 வயதில் முடியாது. அதற்காகத்தான் உருளை விதைப்பான். எட்டு வரிசை ஒரே இழுப்பில் விழும். இலேசான கருவி. ஏக்கருக்குச் சுமார் 15 முதல் 20 கிலோ விதை போதும். விதையை ஒரு நாள் ஊறவைத்து, ஒரு நாள் மூட்டம் போட்டு, முளை வெள்ளையாக எட்டிப் பார்க்கும்போதே உருளையில் இட வேண்டும். முளை நீண்டுவிட்டால் துளையில் சிக்கிக்கொள்ளும். உருளையை முழுவதும் நிரப்பாமல் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பினால் விதை சீராக விழும். வயலை நன்றாகச் சமன் செய்வதில்தான் முழு வெற்றியும் இருக்கிறது. மேடு பள்ளம் இருந்தால் மேட்டில் காயும், பள்ளத்தில் அழுகும். இரண்டு ஆட்கள் ஓர் ஏக்கரை ஒரு பொழுதில் முடித்துவிடலாம்.

வரிசையாக விழுவதால் கோனோ களைக்கருவி ஓட்டலாம். குனிந்து களை பறிக்க வேண்டாம், நிமிர்ந்தபடி தள்ளினால் போதும். இடுப்பு வலிக்காரர்களுக்கு இது பெரிய வரம். சம்பாவுக்குத் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் 2015இல் வெளியிட்ட டி.கே.எம். 13 ஏற்றது. 130 நாள் ரகம், நடுத்தரச் சன்னம். நாற்றுவிட்டு நடுவதற்கும் நேரடி விதைப்புக்கும் வயது சற்று வேறுபடும் என்பதால், வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன்பே பயிர் வேர் பிடித்துவிடும்படி விதைப்பை முடித்துவிட வேண்டும். எந்திரங்களை வேளாண்மைப் பொறியியல் துறையிலிருந்து உழவன் செயலி மூலம் வாடகைக்குப் பதியலாம். பிள்ளைகளின் கைப்பேசியில் செய்துகொள்ளலாம்.

கிணறு வைத்திருப்பவர்கள் ஒரு பங்கு நிலத்தையாவது சொட்டுநீருக்கு மாற்றலாம். சிறு, குறு விவசாயிகளுக்கு நம் மாநிலத்தில் முழு மானியம் உண்டு. நள்ளிரவில் மின்சாரம் வரும்போது எழுந்து போய் மடை திருப்பிப் பாம்பை மிதித்த கதைகள் எத்தனையோ. 65க்கு மேற்பட்டவர்கள் இரவில் வரப்பில் நடப்பதைத் தவிர்க்கவே இதைச் சொல்கிறேன். இருபது சென்டில் பி.கே.எம். 1 முருங்கையும் கொஞ்சம் தீவனப் புல்லும் ஒரு கறவையும் இருந்தால் வாரக் கடைசியில் கையில் காசு புழங்கும். அதற்குத் தாசில்தார் கையெழுத்து வேண்டியதில்லை.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சார், அந்த முகம் காட்டற விஷயத்தை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்துல எழுதிக் குடுங்க. மையத்துல இருக்கற பையன்கிட்ட காட்டறேன்" என்றார். எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து விதைப்பானோடு மீண்டும் போனபோது முகம் பொருந்தியிருந்தது. நின்றிருந்த தவணை வந்து சேரவில்லை, ஆனால் பதிவு சரியாகிவிட்டது. உதவித்தொகை மனு விசாரணையில் இருந்தது. நான் வாசலில் வண்டியை நிறுத்தியபோது உள்ளே தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"கொஞ்சம் இருங்க சார், இந்த இழையை முடிச்சிட்டு வர்றேன். அப்புறம் வயலுக்குப் போலாம்" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார்.